வில்லங்கம் இல்லாத வீடு

எங்கள் வீட்டை விற்பதற்கான விளம்பரத்தை எழுதியதே நான்தான். முப்பது வருஷம் துணிக்கடையில் புடவைகளை விரித்துப் போட்டவள். எந்த மடிப்பை முதலில் பிரித்தால் ஆள் மயங்குவார் என்று எனக்குத் தெரியாதா? 'காலை வெயில் விழும் சமையலறை. கோடையிலும் குளுமையான பின்னறை. சத்தம் போடாத கதவுகள்.' சத்தம் போடாமலிருக்க அவற்றுக்கு எண்ணெய் விட்டதும் நான்தான். குளியலறைப் பாசியை இடுப்பொடியத் தேய்த்ததும் நான்தான். வீடு என் பேரில் இருக்கிறது. இதை விற்றுவிட்டு, எனக்கென்று ஓர் அறையோடு புது வீடு வாங்கலாம் என்று பையன் சொல்லியிருந்தான். அந்த ஓர் அறைக்காகத்தான் இத்தனை ஆட்டமும்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆள் வருகிறார்களாம். வீட்டில் ஆள் இருந்தால் வருகிறவர்கள் கூச்சப்படுவார்களாம். என்னை நூலகத்துக்கு அனுப்பிவைத்தான். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு நூலகத்தில் போய் என்ன செய்ய? பாதி வழியில் திரும்பிவிட்டேன். வாசலில் புரோக்கர் நின்றார். பையனோடு போனில் பேசுவாரே தவிர, என்னை அவர் பார்த்ததில்லை.

"வாங்கம்மா, வாங்க. பத்து மணின்னு சொல்லிட்டு முன்னாடியே வந்துட்டீங்களே!"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நான் எழுதியதை ஒழுங்காகச் சொல்கிறாரா பார்ப்போமே என்று வாயை இறுக்க மூடிக்கொண்டு பின்னாலேயே போனேன். மனுஷர் வெளுத்து வாங்கினார். சமையலறை வெயிலில் என்னையே நிற்கவைத்துக் காட்டினார். கதவை நாலு தடவை திறந்து மூடினார். கடைசியில் என் அறை.

"வீட்டுலயே இதுதாம்மா பெஸ்ட் ரூம். ஆபீஸ் ரூமா வச்சுக்கலாம்."

என் கட்டில் இருந்த இடத்தில் ஒரு மேஜை நின்றது. படம் எடுக்க வசதியாக நகர்த்தியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் விளையாடிப் பார்க்கலாம் என்று, "பத்திரத்துல வில்லங்கம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பத்திரம் சுத்தம்மா. வீட்டுக்குள்ளதான் ஒரே ஒரு வில்லங்கம். வீட்டை விக்கிறவரோட அம்மா. அதையும் அவரு முடிச்சுட்டாரு. முதியோர் இல்லத்துல இடம் போட்டாச்சு. அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாது. கையெழுத்து வாங்குன கையோட கொண்டுபோய் விட்டுருவாரு. நீங்க மறுநாளே குடிவரலாம்."

இந்த ஆள் வேறு யார் வீட்டுக் கதையையோ சொல்கிறார் என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பையன் வாசலில் போட ஒரு புது மிதியடியோடு உள்ளே வந்தான்.

"சார், இவங்களுக்கு வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு!" என்றார் புரோக்கர்.

"அம்மா... நீ எப்ப வந்தே?"

புரோக்கர் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இவர் சொல்றது பொய்னு சொல்லுடா," என்றேன். ஒரே ஒரு தடவை இல்லை என்று தலையாட்டியிருந்தால் போதும். நம்பியிருப்பேன். அவன் மிதியடியைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அம்மா, அவசரப்படாதே. நான் போய்ப் பாத்துட்டேன். அருமையான இடம்மா. ஜன்னலைத் திறந்தா தோட்டம். ரூமுக்குள்ளயே பாத்ரூம். மாடிப்படி ஏறவே வேணாம். டாக்டர் அங்கயே இருக்காரு..."

மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போனான். புரோக்கர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். வாராவாரம் வந்து பார்ப்பேன் என்று எப்போது சொல்வான் என்று நான் கேட்டுக்கொண்டே நின்றேன். மூன்று வேளையும் சாப்பாடு சூடாகக் கொடுப்பார்கள் என்பதோடு முடித்துக்கொண்டான்.