நாலு நிமிஷப் பேச்சு

ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு அடுத்த அழைப்புக்காகக் காத்திருந்தாள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதானவர்கள் போனில் சொல்வதைக் கேட்டுப் பதிந்துகொள்ளும் வேலை. சேர்ந்து ஐந்து மாதம். வாயில் ழகரம் வராததால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர் வாளப்பளம். பயிற்சி கொடுக்கும் மேடம் தினமும் அரைமணி நேரம் அவள் நாக்கை மடிக்க வைத்தாள்.

"மழை. மள இல்ல. இந்த மாசமும் இப்படியே பேசினா வேலை நிரந்தரம் ஆகாது, சொல்லிட்டேன்."

நாக்கு மெல்ல வழிக்கு வந்தது. அம்மா போனபிறகு ஊர்ப் பேச்சில் அவளைக் கூப்பிடவும் ஆளில்லை.

அழைப்பு வந்தது. ஒரு பெண்.

"ஃபிரிட்ஜ் ஓடலம்மா. மள ஊத்து ஊத்துன்னு ஊத்திக் கீள எல்லாம் தண்ணி. எந்தக் கெளம ஆள் வரும்?"

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. அம்மாவும் அப்படித்தான் இழுப்பாள்.

"வியாளக்கெளம வந்துருவாங்கக்கா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.



"ஏம்மா, நீ நம்ம பக்கமா?"

"ஆமாக்கா."

"அட! நான் இங்க வந்து எட்டு வருஷமாச்சு. கடையில வாயத் தொறந்தாலே சிரிக்கிறாங்க. இப்பல்லாம் கையை நீட்டிக் காட்டித்தான் வாங்குறேன்."

"எனக்கு இங்க பேரே வாளப்பளம்தான்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா, இன்னொரு தடவ கெளமன்னு சொல்லுங்க."

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

திங்களன்று மேடம் அவளைப் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நிரந்தரம் இப்போதைக்கு இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"எப்படிப் பேசக் கூடாதுங்கறதுக்கு இது உதாரணம். யார் பேசினாலும், உச்சரிப்பு தப்புற இடத்துல எல்லாம் ஒரு கோடு போடுங்க."

பதிவாகியிருந்த அந்த அழைப்பை ஓடவிட்டாள். ஸ்பீக்கரில் அவள் சிரிப்பு கேட்டது. அறையும் சேர்ந்து சிரித்தது. கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அக்காவின் குரல் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெளம ஒரு நடை வீட்டுக்கு வாம்மா. வளி சொல்றேன், எளுதிக்க."

பன்னிரண்டு பேரும் குனிந்து ஆளுக்கு மூன்று கோடு போட்டார்கள்.