செம்பு இல்லாத தண்ணீர்

எங்கள் எம்.டி. அருணாச்சலத்துக்கு மீன் பைத்தியம் பிடித்தது 2008ஆம் வருஷம். சாதாரண மீன் இல்லை. பவளம், கடல்பூ, வரி போட்ட ஆரஞ்சு மீன் என்று ஒரு துண்டுக் கடலையே ஹாலில் கொண்டுவந்து வைக்க வேண்டுமாம். சோழவரம் ஏரிப் பக்கம் புதிதாகக் கட்டியிருந்த வீட்டுக்கு என்னை வரச் சொன்னார். "உனக்குத்தான் மீன் தெரியுமே எபினேசர்" என்றார்.

எனக்கு மீன் தெரிந்த கதையைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் வெல்டிங் கம்பிக்குச் செம்பு பூசும் கம்பெனி எங்களுடையது. கம்பி கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளான்டுக்கு நான் ஆபரேட்டர். பிளான்டின் கடைசியில் ஒரு கண்ணாடித் தொட்டியில் மீன் விட்டிருப்போம். சுத்தம் செய்த தண்ணீரில் மீனே உயிரோடு இருக்கிறது பாருங்கள் என்று சோதனைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. அந்தத் தொட்டியில் இருந்தது டேங்கர் லாரித் தண்ணீர். செம்பைப் பிரித்தெடுக்கச் சுண்ணாம்பு கலக்குகிற மோட்டார் எரிந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கழுவிய தண்ணீர் நீலம் பாரித்து நேராகப் பின்பக்கக் கால்வாய்க்குப் போனது. நான் ரெஜிஸ்டரில் தினமும் நல்ல நம்பர் எழுதிவிட்டு மீனுக்குப் பொரி போட்டேன்.

அருணாச்சலம் கேட்டது நாலடி நீளத் தொட்டி. அதற்குக் கீழே, மர அலமாரிக்குள் ஒரு சம்ப். வீட்டு வாசலில் தரைக்கடியில் கட்டுகிற சம்ப் இல்லை, கண்ணாடியில் செய்த கீழ்த்தொட்டி. மேலே வழிகிற தண்ணீர் இதில் இறங்கி, மூன்று அறைகளைத் தாண்டிச் சுத்தமாகி, பம்பில் திரும்ப மேலே ஏறும். முதல் அறையில் அழுக்கை நுரையாக்கி ஒரு கிண்ணத்தில் தள்ளும் கருவி, அடுத்ததில் கல்லும் பாசியும், கடைசியில் பம்ப்.

"அலமாரி சின்னதா இருக்கட்டும்ப்பா. மேடம் ஹால் அழகு கெட்டுடும்ங்கறாங்க."

"கரன்ட் போனா பம்ப் நின்னுடும் சார். மேல வழியற தண்ணி, பைப்புல கீற தண்ணி அல்லாம் கீழ எறங்கும். அறுபது லிட்டருக்கு எடம் காலியா உடணும். இல்லேன்னா ஹாலெல்லாம் தண்ணிதான்."

"சரி, பெரிசாவே போடு. பம்பும் ரெண்டு வாங்கிடு. ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடணும். அதுங்களும் உசுருதானே?"

ஒரே ஒரு மோட்டாருக்காக மூன்று வருஷம் இந்த ஆளிடம் நடையாய் நடந்தவன் நான். ஆனாலும் தலையாட்டிவிட்டு, வாங்க வேண்டிய சாமானுக்குப் பட்டியல் எழுதினேன். அதைவிட அசிங்கம் ஒன்று உண்டு: அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கிராஃப் தாளில் கோடு போட்டு, தடுப்புக் கண்ணாடியின் உயரத்தை நாலு தடவை மாற்றினேன். தண்ணீரை நிஜமாகவே சுத்தம் செய்யச் சொல்லி என்னிடம் முதல்முறையாக ஒருவர் கேட்டிருந்தார், அதுவும் மீனுக்காக.

பழவேற்காட்டுப் படகுக்காரர் ஹனீப் ஆழத்துக்குப் போய் கேன் கேனாகக் கடல் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார். கருவி ஓட ஆரம்பித்த மூன்றாம் வாரம், அருணாச்சலம் நுரைக் கிண்ணத்தைக் கழற்றி என் மூக்கருகே நீட்டினார். கறுத்த குழம்பு, அழுகின முட்டை நாற்றம். "பார்த்தியா, எத்தனை அழுக்கு! இது உள்ளயே இருந்திருந்தா அதுங்க கதி என்ன ஆவறது?" என்று உருகினார். உருகிக்கொண்டே போய், காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் அதை வீசிக் கொட்டிவிட்டு வந்தார்.

என் வீடு எஸ்டேட்டுக்குப் பின்னால், அந்தக் கால்வாய் போகிற வழியில். தெருவுக்கே ஒரு போர்வெல் குழாய்தான். "தண்ணி வாயில காசப் போட்டாப்புல கீது" என்று என் மனைவி மேரி சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கள் மகள் ஷைனிக்கு ஏழு வயது. வாரத்துக்கு ரெண்டு நாள் வயிற்று வலி, வாந்தி. தெருவில் யார் கேட்டாலும், "நான் தினம் டெஸ்ட் பண்றவன், தண்ணிக்கு ஒண்ணும் இல்ல" என்பேன். கம்பெனியில் எழுதுகிற பொய்யை வீட்டிலும் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன். நம்பியதால்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதனால் தினமும் ஐந்தாறு லிட்டர் நல்ல தண்ணீர் சம்ப்பில் சேர்க்க வேண்டும். சென்னையிலிருந்து வரவேண்டிய வடிகட்டி மெஷின் வரவில்லை, அதுவரை வாங்கி ஊற்றிய கேன் தண்ணீரும் தீர்ந்திருந்தது. நாலு நாள்தானே என்று, எங்கள் வீட்டுத் தண்ணீரைப் பத்து லிட்டர் கேனில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அருணாச்சலம் எதையும் சோதிக்காமல் தொட்டியில் விடமாட்டார். குட்டிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, மருந்து நாலு சொட்டு விட்டுக் குலுக்கினார். கலர் மாறியது. அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் பதறிப் போனார்.

"செம்பு! இவ்வளவு செம்பா? எங்கேருந்து கொண்டாந்தே இத?"

"எங்க ஊட்டுத் தண்ணி சார். நாங்க குடிக்கிறது."

அவர் முகத்தைச் சுளித்தார். குப்பியை இரண்டு விரலால் பிடித்துத் தூர வைத்தார். என் வீடு எங்கே, கால்வாய் எங்கே, கம்பெனி எங்கே, எல்லாம் அவருக்குத் தெரியும். கலர் அட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"ஒரு சொட்டு உள்ள போனாலும் பவளம் தாங்காதுப்பா. கேனை வெளிய வை. கையை நல்லா கழுவிட்டு அப்புறம் தொட்டியைத் தொடு."

நான் கழுவினேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினேன். கழுவி முடித்த பிறகுதான் ஷைனியின் வயிறு ஞாபகம் வந்தது. தொட்டியைத் தொடாமல், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே வந்து பஸ் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருக் குழாயில் சாயங்காலத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேரி இடுப்பில் நிறைகுடம். எதிர் வீட்டுக் குப்பம்மாள் குழாய்க்கடியில் பானையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தக் குடிக்காதீங்க. அதுல செம்பு கீது. எங்க கம்பெனித் தண்ணி" என்றேன்.

குப்பம்மாள் நிமிர்ந்தார். "இன்னா நைனா சொல்றே? நீதான டெஸ்ட் பண்றேன்னு சொல்லிகினு இருந்தே?"

"பண்ணல."

"எத்தினி நாளா?"

"மூணு வருசமா."

யாரோ குழாயை மூடினார்கள். குப்பம்மாள் என் காலடியில் துப்பினார். எனக்கு அது வலிக்கவில்லை. நான் மேரியைப் பார்த்தேன். அவள் குடத்தை இறக்கித் தரையில் வைத்தாள்.

"காலைல புள்ள வாந்தி எடுத்தப்போ, உப்பும் சக்கரையும் போட்டு இந்தத் தண்ணிய இன்னொரு டம்ளர் குடுத்தது நீதான?"

நான்தான். வேண்டாம் வேண்டாம் என்றவளை மடியில் உட்காரவைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வைத்தேன்.