சைலன்சருக்குக் கேட்காத தட்டல்

ரொட்டிக்கடைக்காரரின் பைக்கில் மாற்றிப் போட்ட இரண்டாவது பிஸ்டனும் ஓட்டையானபோது மெக்கானிக் சைலன்சர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவரைப் பட்டறை வாசலில் நிற்கவைத்து, "பெட்ரோல்ல ஆயில் கலக்க மறந்துட்டீங்க! டூ-ஸ்ட்ரோக்குக்கு அதுதான் உயிர்னு எத்தன தடவ சொன்னேன்?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். ரொட்டிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேற்றப் பந்தயத்தில் வண்டி ஓட்டுபவர். மாவில் போடும் உப்பைக்கூடத் தராசில் நிறுத்துப் போடுகிற ஆள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனவர், அதன்பிறகு பட்டறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

சைலன்சர் என்பது பட்டப்பெயர். அவன் மெதுவாகப் பேசினாலே பக்கத்துக் கடைக்கு வியாபாரம் கெடும். அதனால் கிண்டலாக வைத்த பெயர். இருபது வருடமாக டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களைப் பிரித்து மேய்கிறவன்.

அந்த சனிக்கிழமை அவனுடைய அக்கா, ஸ்கூட்டரின் பிரேக் கேபிளை மாற்ற வந்தாள். காது மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைகிற சுபாவம். மேஜைமேல் கிடந்த பிஸ்டனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டா, ஆயில் இல்லாம ஓடினா பக்கவாட்டுல நெடுக கீறல் விழும்னு நீதானே சொன்னே? இதுல ஒரு கீறலும் இல்லையே."

சைலன்சர் வாங்கிப் பார்த்தான். பக்கவாட்டு வழுவழுவென்று இருந்தது. மேல்விளிம்பு மட்டும் யாரோ ஊசியால் குத்திக் குத்தி வைத்ததுபோல் பொரிந்திருந்தது. நடுவில் ஓட்டை.

"இது நாக்கிங் மாதிரி இருக்கு" என்றான் தயக்கத்தோடு. "ஸ்பார்க் பத்தவச்சு நெருப்பு பரவறதுக்குள்ள, மூலையில மிச்சமிருக்கற பெட்ரோல் தானா வெடிக்கறது. ஆனா அப்படி இருந்தா தட்டற சத்தம் கேக்குமேக்கா. நான் நாலு தடவ ஓட்டிப் பாத்தேன். ஒண்ணும் கேக்கல."

"எனக்கும் ஓட்டிக் காட்டு."

புதுப் பிஸ்டனை மாட்டி, நிதானமாக ஓட்டிப் பழக்கி, அடுத்த சனிக்கிழமை மலைச்சாலைக்குப் போனார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்தாள். ஏற்றத்தில் அவன் ஆக்சிலேட்டரை முறுக்கியதுமே அவன் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

"நிறுத்துடா! தகர டப்பாவுல கடுகு கொட்டினாப்பல கேக்குதே, அது என்ன?"

"எங்க கேக்குது?"

"திங்கட்கிழமை என் ஆஸ்பத்திரிக்கு வா" என்றாள் அவள்.

திங்கட்கிழமை மதியம் சத்தம் புகாத சிறிய அறையில் அவனை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கனத்த ஒலிகளுக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினான். பிறகு விரல் அப்படியே நின்றது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவளைப் பார்த்து, "மெஷின நிறுத்திட்டியா?" என்றான்.

அவள் நிறுத்தவில்லை. வரைபடத்தில் கோடு நேராக வந்து, கீச்சென்ற ஒலிகள் வருகிற இடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. நாக்கிங்கின் தட்டலும் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருந்தது. சைலன்சர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "அப்ப அந்த மனுஷன் ஆயில் கலந்திருக்காரு" என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் மெதுவாகப் பேசினான்.

நேராக ரொட்டிக்கடைக்குப் போனான். வரிசையில் ஆறேழு பேர் நின்றிருக்க, "தப்பு என்மேலதான். நாலு பேர் முன்னால திட்டினேன், அதான் நாலு பேர் முன்னாலயே சொல்றேன்" என்றான். ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே, "இனிமே இன்ஜின் உடையாதுன்னா வரேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே பட்டறைக்கு வந்தார்.

அக்கா ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி இன்ஜின் தலையில் போல்ட் போட்டு இறுக்கச் சொன்னாள். மறுநுனியில் ரப்பர் குழாய், அதன் முடிவில் காதுமூடி. அதை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தால், இன்ஜினுக்குள் நடப்பதெல்லாம் காதுக்குள் கேட்டது.

"ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

வேகத்துக்காக சைலன்சர் இன்ஜின் தலையை ஒரு மில்லிமீட்டர் சீவியிருந்தான். அதனால் உள்ளே அழுத்தம் ஏறியிருந்தது. ஊற்றியதோ சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோல். பிஸ்டன் உச்சிக்கு வர இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போதே ஸ்பார்க். அப்படி ஓட்டினால் அக்காவின் காதில் கடுகு கொட்டியது. ஸ்பார்க்கை நன்றாகத் தள்ளிப்போட்டார்கள். கடுகு நின்றது, வண்டியும் சோம்பேறியானது, புகைக்குழாய் தொட முடியாமல் கொதித்தது. ஸ்பார்க்கைப் பழையபடி வைத்து 98 ஆக்டேன் ஊற்றினார்கள். செங்குத்தான வளைவில் மட்டும் நாலைந்து கடுகு. ஸ்பார்க்கை ஒரு மயிரிழை தள்ளினார்கள். ஒன்றுமில்லை. வண்டி பிய்த்துக்கொண்டு ஏறியது.

"அப்ப 98-ல பலம் அதிகமா? என் ஸ்கூட்டருக்கும் ஊத்தேன்."

"பலம் இல்லக்கா. எவ்வளவு நசுக்கினாலும் அவசரப்பட்டு வெடிக்காது, அவ்வளவுதான். உன் ஸ்கூட்டர் அதை அந்த அளவுக்கு நசுக்கவே போறதில்ல."

அவள் நம்பாமல் ஊற்றி அதே ஏற்றத்தில் கைக்கடிகாரம் வைத்து மூன்று தடவை பார்த்தாள். ஒரு விநாடிகூட மிச்சமாகவில்லை. அதிலும் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

ஞாயிறு பந்தயத்தில் ரொட்டிக்கடைக்காரர் நான்காவதாக வந்தார். முதல் மூன்று பேரும் அவர் வயதில் பாதி. மலையுச்சியிலேயே இன்ஜின் தலையைக் கழற்றிப் பார்த்தார்கள். பிஸ்டன் தேன்நிறத்தில் இருந்தது; விளிம்பில் ஒரு குத்தல்கூட இல்லை. ரொட்டிக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு சைலன்சரின் தோளில் கைபோட்டார்.

அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க காத்து குளிர்ச்சியா இருக்கே. கீழ வெயில்ல இதே அளவு சரிவருமா?"

சைலன்சர் பிஸ்டனைத் துடைத்தான். "தெரியலக்கா."

"அப்ப அடுத்த சனிக்கிழமை நான் லீவு, கீழ ஓட்டிப் பாக்கலாம்" என்றாள் அவள்.