மெழுகு வைத்த மூடி

லொறி எஞ்சின் மறுபடியும் ஏறி இறங்கத் தொடங்கியதும் இமெல்டா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அக்சலரேட்டரை மிதிக்கவில்லை. நின்ற இடத்தில் தானாக உறுமுகிறது, அணையப்போவதுபோல் தணிகிறது, திரும்பவும் உறுமுகிறது. கொட்டாஞ்சேனைச் சந்து முழுக்கப் புகை. எதிர்வீட்டுக்காரி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். சாத்தட்டும். தவக்காலத்திலிருந்து நகராத லொறி இன்றைக்கு நகர்ந்தே ஆக வேண்டும்.

துறைமுகத்துக் கிடங்கில் அவள் கணவன் செபஸ்தியனின் லொறிக்குச் சரக்கேற்ற இருந்த இடத்தை இவ்வளவு நாளும் பொறுத்து வைத்திருந்தார்கள். பின்னேரத்துக்குள் லொறி வந்து நிற்காவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு என்று காலையில் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். இடம் போனால், அடுத்து வருகிறவன் லொறியை உடைத்து இரும்பாக விற்கிறவனாகத்தான் இருப்பான். நாளைக்கு மனுசன் எழும்பி வந்து லொறி எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவது?

நிக்கலஸ் பொனட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தான். கிராண்ட்பாஸில் கராஜ் வைத்திருப்பவன், செபஸ்தியனின் பழைய கூட்டாளி. காலையிலிருந்து அவனும் பில்டரை மாற்றிவிட்டான், குழாய்களைப் பார்த்துவிட்டான்.

"டீசல் குழாயில எயார் எடுத்தா கொஞ்ச நேரம் நல்லா நிக்குது அக்கா. பிறகு பழைய பாட்டுத்தான். பம்பைக் கழட்டோணும்."

"கழட்டினா இண்டைக்கே பூட்டலாமா?"

"அந்தோனியாரே ஸ்பேனரோட வந்தாலும் ஏலாது."

வேறு நேரமென்றால் சிரித்திருப்பாள். எழுந்து மாடிக்குப் போனாள்.

செபஸ்தியனின் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. பாரிசவாதம் அவனுடைய வலப் பக்கத்தையும் பேச்சையும் ஒரே காலையில் கொண்டுபோயிருந்தது. எஞ்சின் சத்தம் கேட்டதிலிருந்து அவன் நிலைகொள்ளவில்லை. இடது கையை ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே நீட்டி, விரல்களைக் குவித்து, எதையோ திருகிக்கொண்டிருந்தான்.

"தண்ணியோ? பொறுங்கோ."

விடியற்காலையில் சுடுதண்ணீர் ஊற்றி வைத்த பிளாஸ்க். தண்ணீர் ஆறியதில் மூடி இறுகிப்போயிருந்தது. சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, மூடி கையோடு வந்தது. கோப்பையை நீட்டியபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கை மட்டும் திருகியபடியே இருந்தது. இமெல்டா கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். பிறகு கம்பிகளுக்கு வெளியே, கீழே நின்ற லொறியின் டேங்க் மூடியைப் பார்த்தாள்.

அவன் விழுந்த கிழமை டேங்க் நிறைய டீசல் இருந்தது. டீசல் தட்டுப்பாட்டில் ஊரே வரிசையில் கிடந்த காலத்தில் சந்தில் எத்தனையோ பேரின் டேங்கைக் கள்ளர் வெறுமையாக்கியிருந்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஏற்றிய மெழுகுதிரியின் மிச்சத்தைக் கொண்டுவந்து, உருக்கி, டேங்க் மூடியில் ஒரு இடுக்கு விடாமல் பூசினாள். கள்ளன் தொட்டால் தெரியும் என்று அயலுக்குச் சொன்னாள். அந்தோனியாரிடம் சொன்னது வேறு. இவர் எழும்பி வந்து தன் கையால் திறக்கும்வரை உடைக்கமாட்டேன் என்று நேர்த்தி வைத்திருந்தாள். டேங்க் நிறைய இருக்கிறது, திறக்கத் தேவையில்லை என்று காலையில் நிக்கலஸையும் அந்தப் பக்கம் போகவிடவில்லை.

கீழே இறங்கி வந்து கேட்டாள்.

"டேங்க் மூடியில சின்ன ஓட்டை ஒண்டு இருக்குமே, அது எதுக்கு?"

"டீசல் குறையக் குறைய உள்ள காத்துப் போகோணும். இல்லாட்டி பம்ப் இழுத்தும் வராது." நிக்கலஸ் குனிந்து மூடியைப் பார்த்தான். "ஆரக்கா இதை அடைச்சது?"

"நான்தான்."

அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். இமெல்டா அதைப் பறித்தாள். நேர்த்தியை முறிப்பதென்றால் அதுவும் தன் கையாலேயே நடக்கட்டும். மூடியின் முன்னால் முழங்காலில் இருந்தபோது அவளுக்குப் பயத்தைவிடக் கோபமே பெரிதாக வந்தது.

"லொறியையும் கேட்டன், இவரையும் கேட்டன். ரெண்டில ஒண்டை எடு எண்டு என்னையே சொல்ல வைக்கிறீரே, அந்தோனியாரே!"

குத்தினாள். மெழுகு துண்டு துண்டாக உதிர்ந்தது. மூடியைத் திருகியதும் டேங்க் நீளமாகக் காற்றை உள்ளிழுத்தது. எஞ்சின் இன்னும் சில தரம் ஏறி இறங்கி, மெல்ல மெல்ல ஒரே சத்தத்துக்கு வந்தது.

நிக்கலஸ் காது கொடுத்துக் கேட்டான். "சரி அக்கா! இதுதான்! எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

"அவர்தான்! அவர்தான் கையால காட்டினவர்!" இமெல்டாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செபஸ்தியனுக்கு எல்லாம் விளங்குகிறது. உள்ளே முழுசாக இருக்கிறான். சந்தின் நடுவே ஓடிப்போய், மூடியை உயர்த்திப் பிடித்து ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"இஞ்ச பாருங்கோ, திறந்திட்டன்! கேக்குதா? திறந்திட்டன்!"

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. மேலே, ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே, செபஸ்தியனின் இடது கை முன்போலவே வெறுங்காற்றைத் திருகிக்கொண்டிருந்தது.