கடைசி வரிசையிலிருந்து

பாட்டி பத்தொன்பது வயதில் வரைந்த படம் அது. தட்டச்சு அலுவலகம், வரிசையாகப் பெண்கள், எல்லாருமே முதுகைக் காட்டிக்கொண்டு. பிழையாக அடித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து, டீத்தண்ணீரால் நிழல் பூசியிருந்தார்.

"ஏன் பாட்டி ஒரு முகம்கூட இல்ல?"

"நான் கடைசி வரிசை. எங்க வரிசைக்கு மட்டும் பின்வாசல். சாப்பாடும் வரிசைக்கு ஒரு நேரம். திரும்பினா மேற்பார்வை அம்மா ஸ்கேலால ஒரு தட்டு. பொம்பளைக்கு வேலை குடுத்ததே பெரிசுன்னு சொல்லிச் சொல்லியே எங்க கழுத்தை நேரா வச்சுட்டாங்க."

பாட்டியின் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"நான் அங்க இருந்தேன்னு சொல்ல ஒருத்தர் இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

எனக்கு நாலு பேரிடம் விசாரிக்கக் கூச்சம். படத்தை இணையத்தில் போட்டேன். ஒரு பெண் பதில் எழுதினாள்: அவள் அம்மா மூன்றாவது வரிசையாம்.

அந்த அம்மா கைத்தடியோடு வந்தார். அன்று பாட்டி இரண்டு முறை உடை மாற்றியிருந்தார்.

வந்தவர் படத்தில் விரல் வைத்தார். "இந்தக் கோணக் கொண்டை நான்தான்! என் முதுகை நானே இப்பதான் பாக்கறேன்."

"கொஞ்சம் திரும்புங்க, பாக்கலாம்."

வந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"நீங்களேதான். இடது தோள் இறங்கியிருக்கும். ஸ்கேல் சத்தம் கேட்டா முதல்ல நிமிர்றதும் நீங்கதான்."

"பின்னே, பயந்தாங்கொள்ளியாச்சே!"

இருவரும் சிரித்தார்கள். முன்வரிசைக் கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. மெஷின் ரிப்பேர்காரனைக் கட்டிக்கொண்டவள், மேசைக்கு அடியில் கதைப்புத்தகம் படித்து மாட்டிக்கொண்டவள். பாட்டி காத்திருந்தார். பிறகு கேட்டுவிட்டார்.

"என்னை ஞாபகம் இருக்கா? கடைசி வரிசை, ஜன்னலோரம்."

வந்தவர் பாட்டியின் முகத்தை உற்றுப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நான் திரும்பினதே இல்லையேம்மா... ஆனா பின்னால யாரோ மழை மாதிரி அடிப்பாங்க. அவ்வளவு வேகம். அது நீங்கதானே?"

பாட்டி 'ஆமா' என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவும் அதற்குத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது.

"இல்ல. அது என் பக்கத்து சீட்டு. நான் மெதுவாத்தான் அடிப்பேன்."

வந்தவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ அடிக்கிறது உங்க வரிசை வரைக்கும் கேட்டுச்சா?" என்றார் பாட்டி. "அதைச் சொல்லுங்க."

வந்தவர் முகம் மலர்ந்து சொல்ல ஆரம்பித்தார். பாட்டி தலையாட்டிக் கேட்டார். நான் டம்ளர்களை எடுக்க எழுந்தேன். பாட்டியின் டீ தொடாமல் ஆறிப்போயிருந்தது.