மடத்து வடிகாலில் சிக்கிய பிப்

ஆஷ்பெக் கிராமத்தில் இடிந்து கிடக்கும் பழைய மடத்தில் ஒரு கல்லைத் தொட்டாலும் மேவிஸ் தாக்ரேயிடம் யாரும் தப்ப முடியாது. பதினோரு வருஷமாக அதற்கு அவள்தான் காவல். பக்கத்துப் பண்ணை ஜெத்ரோ தன் ஆட்டுப்பட்டிச் சுவருக்கு இரண்டு கல் எடுத்தபோது தொல்லியல் துறைக்கு எழுதிப் போட்டவளும் அவள்தான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அந்த ஜெத்ரோ சனிக்கிழமை காலை அவள் வாசலில் வந்து நின்றார்.

"என் நாய் பிப் முயலைத் துரத்திக்கிட்டு உங்க மடத்து வடிகாலுக்குள்ள போயிடுச்சு. நேத்து சாயங்காலம் போனது, வெளிய வரல."

மேவிஸ் ஓடினாள். தரைக்கு அடியில் எங்கிருந்தோ முனகல் கேட்டது. மேற்கே மலைமேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் ஓடைத் தண்ணீர் அந்த வடிகால் வழியாகத்தான் பாயும். தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. அனுமதியில்லாமல் கல்லை எடுத்தால் அவள் வேலையே போய்விடும்.

"என்னைப் பத்தி எழுதின மாதிரி நாயைப் பத்தியும் எழுதப் போறீங்களா?" என்றார் ஜெத்ரோ.

"வாயை மூடிட்டு கடப்பாறையை எடுத்துட்டு வாங்க."

ஒவ்வொரு கல்லிலும் சாக்பீஸால் எண் போட்டு, படம் பிடித்து, ஒவ்வொன்றாக நெம்பினார்கள். எழுநூறு வருஷமாக அசையாத கற்கள். ஐந்தாவது கல்லுக்குக் கீழே சேறு அப்பிய வால் ஒன்று ஆடியது. ஜெத்ரோ குப்புறப் படுத்து நாயை இழுத்தெடுத்தார். அது அவரை விட்டுவிட்டு நேராக மேவிஸ் மேல் பாய்ந்து முகமெல்லாம் நக்கியது.

"நன்றிகெட்ட கழுதை!" என்று ஜெத்ரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மழைக்கு முன்பே கற்கள் அதனதன் இடத்துக்குத் திரும்பின.

திங்கட்கிழமை மேவிஸே போன் போட்டு நடந்ததைச் சொன்னதும் தொல்லியல் அதிகாரி மிஸ் லேதம் வந்தாள். மண்டியிட்டு ஒவ்வொரு கல்லையும் படத்தோடு ஒத்துப் பார்த்தாள்.

"வேலைய விட்டு எடுக்கறதுன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள் மேவிஸ்.

"எதுக்கு? ஒரு கல்லுகூட இம்மி நகரல. நானா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்."

மேவிஸ் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதீங்கம்மா" என்றார் பிப்போடு வந்து நின்றிருந்த ஜெத்ரோ.

"யார் அழுறா? ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல. உங்க வீட்ல என்ன இருக்கு?"