ஈட்டியை நிறுத்துதல்

சீனப் புத்தாண்டு விழாவுக்காகக் குரோய்டனில் எடுத்திருந்த மண்டபத்தில், துஷ்யா தன் அண்ணனின் முகத்துக்கு நேரே ஈட்டியைச் செலுத்தினாள். அவன் குனிவான் என்று நம்பித்தான் தோளின் முழு வலுவையும் அந்தக் குத்தில் இறக்கியிருந்தாள். பள்ளிக்கூட வயதிலிருந்து இருவரும் சேர்ந்து செய்துவரும், வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலையின் வரிசை அது. ஒருவரிடம் ஈட்டி, மற்றவரிடம் வெறுங்கை. யார் எப்போது குத்துவது, யார் எந்தப் பக்கம் சாய்வது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவானவை. ஆனாலும் பார்ப்பவர்களுக்கு அது உயிர்ச் சண்டையாகத் தெரிய வேண்டும். அதனால் குத்து உண்மையான குத்தாகவே இருக்கும். விலகுவது மற்றவரின் பொறுப்பு.

ஜதுசன் குனியவில்லை.

பின்னங்காலைத் தரையில் ஊன்றி, இடுப்பைத் திருகி, இரண்டு கைகளாலும் தடியை இறுக்கிப் பிடித்தாள் துஷ்யா. ஈட்டி முனை அவன் இமைக்கு முன்னால் வந்து நின்றது. சபை ஆரவாரித்தது. அதுவும் வரிசையின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். கண்ணை அகலத் திறந்தபடி நின்ற ஜதுசன், உத்தரவு பிந்தி வந்து சேர்ந்தவனைப் போல, அதற்குப் பிறகு மெல்லக் குனிந்தான்.

துஷ்யா மிச்சத்தைச் செய்யவில்லை. ஈட்டியைப் பின்னுக்கு இழுத்து, சபைக்கு வணக்கம் வைத்து, அவன் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏனண்ணா குனியேல்லை? கண் போயிருக்கும்."

"குனிஞ்சனான் எண்டுதான் நினைச்சன், துஷி." அவன் சிரித்தான். "வயசு போகுது போல."

அவனுக்கு அப்போது முப்பத்தேழு வயது. அவளைவிட நான்கு வயது மூத்தவன். புகழ்ச்சியைக் கேட்டு வாங்குகிற ஆள். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே, எப்படிக் கைதட்டினார்கள் பார்த்தாயா என்றான். தண்ணீர் அவன் சட்டையில் சிந்தியது.

அவர்களுடைய ஆசிரியை மிஸ் வெய் அதைக் கதவோரம் நின்று பார்த்தாள். துஷ்யாவைத் தனியே அழைத்து, "குனியாததை விடு. முடிவில் அவன் நின்ற விதத்தைப் பார்த்தாயா? அவன் நிற்கவே இல்லை. விரல்களைக் கவனி" என்றாள்.

வூஷுவில் நிற்பது பெரிய காரியம். காற்றில் சுழன்று பாய்ந்து தரைக்கு வந்தவுடன் கல்லைப் போல் நின்றுவிட வேண்டும். பாய்ச்சல் எவ்வளவு அழகாக இருந்தாலும், முடிவில் உடம்பு தள்ளாடினால் போட்டியில் புள்ளியை வெட்டிவிடுவார்கள். முதல் வகுப்பிலேயே மிஸ் வெய் 'வூ' என்ற எழுத்தைப் பலகையில் எழுதிக் காட்டியிருந்தாள். அதற்குள் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று நிறுத்து, மற்றது ஈட்டி. ஈட்டியை நிறுத்துகிற கலைதான் வூஷு என்றாள். ஜதுசன் எங்கேயோ தேடிப் படித்துவிட்டு அடுத்த வாரமே வந்து மறுத்தான். அந்த எழுத்து ஆதியில் ஒரு பாதமாம், ஈட்டியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நடப்பதுதான் உண்மையான அர்த்தமாம். மிஸ் வெய் கோபிக்கவில்லை. "அப்படியும் சொல்வார்கள். ஆனால் சண்டைக்கு நடக்க யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை" என்றாள்.

விழா முடிந்து சில வாரங்களில் ஜதுசனின் வேலைக்கு ஆபத்து வந்தது. அவன் பஸ் ஓட்டுநர். ஓட்டுநர் குடித்திருக்கிறார், ஆசனத்தில் இருந்து நெளிகிறார் என்று பயணி ஒருத்தி முறைப்பாடு செய்திருந்தாள். ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஆனால் பரிசோதித்த மருத்துவர் அவன் கைகளையே வெகுநேரம் பார்த்துவிட்டு, நரம்பு மருத்துவரிடம் போகும்வரை பஸ் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை துஷ்யா மிச்சம் என்ற ஊரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். ஜதுசன் அம்மாவோடுதான் இருந்தான். குசினியில் பிலோமினம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அதை ஒரு பகிடியாகச் சொன்னான்.

"நான் குடிச்சிட்டு பஸ் ஓடினனானாம், அம்மா. நத்தாருக்குக்கூட ஒரு வைன் தொடாத என்னைப் பாத்து!"

பிலோமினம்மாவின் கத்தி மீனிலேயே நின்றது. கையைக் கழுவினாள். கழுவிய கையைத் திரும்பவும் கழுவினாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

"கொப்பரையும் அப்பிடித்தான் சொன்னவை" என்றாள்.

"அப்பா குடிச்சவர்தானே?" என்றாள் துஷ்யா. அவளுக்கு அப்பாவின் முகம்கூடச் சரியாக நினைவில்லை. சொந்த ஊரான பாசையூரில் குடித்துக் குடித்து, ஒழுங்கையில் விழுந்து செத்த மனிதர் என்றுதான் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

"ஒரு சொட்டும் குடிக்கேல்லை. அந்த மனுசன் கள்ளு மணத்தாலே சத்தி எடுக்கும்." அவள் நிலத்தைப் பார்த்தே பேசினாள். "கை கால் தன்பாட்டிலை ஆடத் தொடங்கினது. நடக்கேக்கை வெறிகாரர் மாதிரி. பேந்து கோவம். பேந்து சாப்பாடு விழுங்க ஏலாமல் போச்சு. அவர்ரை தமையனுக்கும் அதுதான். தாய்க்கும் அதுதான். சனம் குடிகாரன் எண்டிச்சினம். நானும் ஓம் எண்டு விட்டிட்டன்."

"ஏன் அம்மா?" ஜதுசனின் குரல் சின்னதாகியிருந்தது.

"குடிகாரன்ரை பிள்ளையளை ஆரும் கட்டுவினம். வருத்தக்காரக் குடும்பத்திலை ஆர் வந்து கட்டுவினம், மோனை?"

துஷ்யா கத்தினாள். என்ன கத்தினாள் என்று பின்னால் அவளுக்கே நினைவிருக்கவில்லை. ஜதுசன் அவளைத் தடுக்கவில்லை. கதவு நிலையில் கிடந்த தன் இடது கையை, அடுத்தவர் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கையின் நடுவிரல் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது.

நோயின் பெயர் ஹண்டிங்டன் என்று கோடையில் சொன்னார்கள். நரம்பு மருத்துவர் ஹம்சா மதுரைப் பக்கத்துப் பெண். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, அண்ணனையும் தங்கையையும் பார்த்துத் தமிழுக்கு வந்தார்.

"இதுக்குக் குணமாக்குற மருந்து இன்னும் இல்லைங்க. ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை தரலாம்." பிறகு துஷ்யாவிடம் திரும்பினார். "அப்பாகிட்டேருந்து வர்றது. உங்களுக்கு இருக்கவும் வாய்ப்பு உண்டு, இல்லாம இருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. டெஸ்ட் பண்ணித் தெரிஞ்சுக்கலாம். கட்டாயம் ஒண்ணும் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

வெளியே வந்து டிராமுக்குக் காத்து நிற்கையில் ஜதுசன் சொன்னான்: "நீ பாக்காதை, துஷி. தெரிஞ்சு என்ன செய்யப்போறாய்? நான் தெரிஞ்சு என்ன செய்தன்?"

துஷ்யாவும் அவள் கணவன் சுஜீத்தும் கிங்ஸ்பரியில் இருந்தார்கள். ஒரு பிள்ளைக்காக வெகுகாலமாகக் காத்திருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் அன்றைக்கே அவனிடம் சொன்னாள். சுஜீத் நல்லவன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடிந்து, "எப்ப டெஸ்ட் எடுக்கிறாய்?" என்று கேட்டான்.

"எடுக்கப்போறதில்லை."

"அப்ப பிள்ளை?"

அதன் பிறகும் அவன் கேட்டான். அன்பாகக் கேட்டான், சலிப்போடு கேட்டான். கடைசியில் கேட்பதை விட்டுவிட்டான். ஒரே வீட்டில் இருவரும் விருந்தாளிகளைப் போல் நடந்துகொண்டார்கள். அவள் தேநீர் ஊற்றும்போது அவன் கோப்பையைப் பார்ப்பதில்லை, அவள் விரல்களைப் பார்த்தான். தான் பார்ப்பது அவளுக்குத் தெரியும் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவளுக்கு மிஞ்சியது தோர்ண்டன் ஹீத்தில் மிஸ் வெய்யின் வகுப்புத்தான். சோடி இல்லாததால் தனி வரிசை செய்தாள். ஒருநாள் ஈட்டியை முதுகுப் பக்கமாகச் சுழற்றிப் பிடிக்கையில் அது கையை விட்டு வழுவி, மரத்தரையில் உருண்டு சுவரில் போய் முட்டியது. முன்பென்றால் ஓடிப்போய் எடுத்திருப்பாள். இப்போது நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எல்லோருடைய கையிலிருந்தும் விழும். என் கையிலிருந்தும் விழுகிறது" என்றாள் மிஸ் வெய்.

துஷ்யாவுக்கும் அது தெரியும். எத்தனையோ தடவை விழுந்திருக்கிறது. ஆனால் அந்த விழுகைகளில் ஒன்றுகூட அவளிடம் கேள்வி கேட்டதில்லை. இனி ஒவ்வொன்றும் கேட்கும். கரண்டி நழுவினாலும் கேட்கும். ஒரு பெயர் வாய்க்கு வராமல் போனாலும், படியில் கால் தடுக்கினாலும் கேட்கும். டெஸ்ட் எடுக்காமல் இருந்தால் நோய் இல்லாதவளாக வாழலாம் என்று நினைத்திருந்தாள். நோய் வந்தவளாகவே ஏற்கெனவே வாழத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வகுப்புக்குப் போகவில்லை. மிஸ் வெய் தொலைபேசியில் அழைத்தாள்; துஷ்யா எடுக்கவில்லை.

இன்னும் இரண்டு மூன்று வருடங்களில் ஜதுசனைத் தனியே விட முடியாமல் போனது. படியில் விழுந்து தாடையை உடைத்துக்கொண்டான். தட்டைத் தூக்கி எறிந்தான். எறிந்தது தானா, கையா என்று தனக்கே தெரியவில்லை என்று சொல்லி அழுதான். பிலோமினம்மாவால் அவனைத் தூக்க முடியவில்லை. துஷ்யா உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாளைக்கு என்று சுஜீத்திடம் சொன்னாள். அவனும் ஓம் என்றான். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோனான். பிறகு வேலை என்றான்.

ஒருநாள் காலையில் ஜதுசன் அவளிடம் கையை நீட்டினான்.

"இதைக் கொஞ்சம் பிடி, துஷி. ஒருக்கா நிப்பாட்டித் தா. எனக்கு ஏலாது."

அவள் அவன் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்தாள். தன் பாரம் முழுவதையும் அதன்மேல் வைத்தாள். கை நின்றது. ஆனால் அதற்குள் இருந்தது நிற்கவில்லை; முழங்கைக்கு ஏறி, தோளுக்குப் போய், அவன் கழுத்தை ஒரு பக்கம் இழுத்தது.

"விடு" என்றான் அவன்.

மதியம் சாப்பிட்டபின் சோபாவில் படுத்து நித்திரையானான். நித்திரையில் மட்டும் அந்த நோய் அவனை விட்டுவிடும். நெஞ்சில் கிடந்த கைகள் அசையவில்லை. பிலோமினம்மா செபமாலையோடு வந்து, மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"இப்ப பார், பழைய பிள்ளை மாதிரிக் கிடக்கிறான்" என்றாள் மெல்ல.

துஷ்யா எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவை மன்னிக்கவில்லை, மன்னிக்காமலே அவளோடு இருந்து சமைத்தாள், துவைத்தாள், அண்ணனைத் தூக்கினாள். இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும், எழும்பாமல் கிடக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்தது எதுவரைக்கும் போகிறது என்று கண்டு பயந்தாள். பயந்தும் அந்த நினைப்பை விலக்கவில்லை.

வெளியே டிராம் போகும் சத்தம் கேட்டது. முதலில் இடது கையின் விரல்கள் விழித்துக்கொண்டன. அதன் பிறகுதான் அவன் கண்ணைத் திறந்தான்.